மார்க் போடுபவரே கவுன்சலராக இருந்தால் எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், சரி. அதை யார் தருவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பல தனியார் கலை அறிவியல் கல்லூரிகளில் 'கவுன்சலிங் செல்' என்று போர்டு இருக்கும். உள்ளே வணிகவியலோ வேதியியலோ நடத்தும் பேராசிரியர்தான் உட்கார்ந்திருப்பார். இன்டர்னல் மார்க் போடுவதும் அவர்தான், அட்டெண்டன்ஸ் குறைந்தால் வீட்டுக்கு போன் செய்வதும் அவர்தான். அவரிடம் போய் ஒரு மாணவி, 'அப்பா தினமும் குடித்துவிட்டு அடிக்கிறார், ராத்திரி தூக்கமே வருவதில்லை' என்று எப்படி வாயைத் திறப்பாள்?

நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்தான். எங்களுக்கு மாணவர்களுக்கு வழிகாட்டும் மென்டர் பொறுப்பு உண்டு, அதற்கு ஒரு படிவமும் உண்டு: பிரச்சினை என்ன, கொடுத்த ஆலோசனை என்ன, மாணவர் கையெழுத்து. கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டுவதற்காக அந்த ஃபைலைத் துறை பீரோவில் வைத்திருப்போம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பிள்ளைகளுக்கு அது தெரியாதா என்ன? ஆளுக்கு ஆள் 'பிரச்சினை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

2022-ல் மட்டும் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பாடம் நடத்துகிறவருக்கே இந்தப் பெயரையும் ஒட்டிவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று எந்த நிர்வாகமும் நினைக்கக் கூடாது.

ஆசிரியர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பையன் நாலு நாளாக யாரோடும் பேசாமல் கடைசி பெஞ்சில் இருந்தால் முதலில் எங்கள் கண்ணில்தான் படும், கூப்பிட்டுப் பேசத்தான் வேண்டும். ஆனால் அவன் சாக நினைக்கிறான் என்றால் அப்புறம் பேச வேண்டியவர் அதற்கென்று படித்தவர். அவரைப் பார்க்க துறைத் தலைவர் (ஹெச்ஓடி) கையெழுத்து கேட்கக் கூடாது. அறை பிரின்சிபால் அறைக்கு எதிரில் இருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பேசியது வெளியே போகக் கூடாது. முழு நேரத்துக்கு ஆள் வைக்கப் பணமில்லை என்கிற கல்லூரி, ஊரிலுள்ள இன்னொரு கல்லூரியோடு சேர்ந்தாவது ஒருவரை வைக்கட்டும்.

அதுவரைக்கும், 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறையிலும் விடுதி அறையிலும் பெரிதாக எழுதி ஒட்டலாம், அதற்கு எந்தக் கமிட்டியும் தேவையில்லை. கல்லூரிக் கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் ஃபைலைப் புரட்டுவதை விட்டு, 'உங்கள் கவுன்சலர் என்ன படித்திருக்கிறார், வகுப்பும் எடுக்கிறாரா?' என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியை,
ஈரோடு மாவட்டம்