பூந்தொட்டிக்குள் ஒரு மைக்

அன்புள்ள சுந்தரம்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். இந்தக் கடிதத்தைக்கூட வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. பேரனும் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பகல் முழுக்கப் பாட்டுதான் துணை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அறுபதுகளின் இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸ் வேண்டாமென்று ஒதுக்கிய பதிவுகளை வெளியிடுவது, எழுத்தாளன் கிழித்துப்போட்ட தாளைப் பொறுக்கி அச்சடிப்பது போன்றது என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1995, 96-இல் வந்த ‘ஆந்தாலஜி’ தொகுப்புகள் திருட்டுப் பதிவுகள் அல்ல. குழுவின் நால்வரில் அப்போது உயிரோடிருந்த மூவரும் சேர்ந்து வெளியிட்டவை. அதோடு, ஒதுக்கப்பட்டது என்பதாலேயே ஒன்று குப்பையாகிவிடாது. இரண்டு நல்ல வழிகளில் ஒன்றைத்தானே ஒரு பாட்டால் எடுத்துக்கொள்ள முடியும்?

‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டையே எடுத்துக்கொள். 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். நவம்பர் 24 அன்று லண்டன் ஆபி ரோடு கூடத்தில் இந்தப் பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். முதல் டேக், அதாவது முதல் முறை பாடிப் பதிந்தது, ‘ஆந்தாலஜி’யின் இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. பல்லவி இல்லாமல் நேரே சரணத்தில் தொடங்குகிறது. பாட்டை எழுதிப் பாடிய ஜான் லெனனின் குரல் அத்தனை அருகில் இருக்கிறது. பின்னால் மற்றவர்களின் குரல்கள் மெல்லச் சேர்கின்றன. அதை அப்படியே இசைத்தட்டாகப் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லெனனுக்குப் போதவில்லை. மறுபடி மறுபடி பதிந்தார்கள். டிசம்பரில் டிரம்பெட்டுகளும் செல்லோக்களும் சேர்த்து, வேகமான, முரட்டுத்தனமான இன்னொரு வடிவம் உருவானது. கடைசியில் அவருக்கு ஒன்றின் தொடக்கமும் மற்றொன்றின் முடிவும் பிடித்துப்போயின. இரண்டையும் ஒட்டிவிடுங்கள் என்றார். இரண்டுக்கும் சுருதி வேறு, வேகம் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் ஒரு நாடாவைச் சற்று விரைவாகவும் மற்றதை மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் மாறும்போது சுருதியும் கூடவே மாறும் அல்லவா? இரண்டும் பொருந்திவிட்டன. பாட்டு தொடங்கி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. அந்த இடத்துக்குப் பிறகு லெனனின் குரல் கனத்து, மயக்கத்தில் பாடுவது போலாகிவிடும். காரணம் நாடாவின் வேகம்தான்.

முதல் டேக்கைக் கேட்காதவனுக்கு இந்தப் பாட்டு ஏதோ வானத்திலிருந்து அப்படியே விழுந்தது போலத் தெரியும். கேட்டவனுக்குத்தான், எவ்வளவு அழகான ஒன்றைத் துணிந்து கைவிட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். அந்தத் துணிச்சலை அறிந்த பிறகு எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியிருக்கிறது. 1963-இல் முதல் இசைத்தட்டுக்காக ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிந்துவிட்டுப் போன அதே பையன்கள்தான், நான்கு வருஷம்கூட ஆகாத நிலையில் ஒரே பாட்டோடு ஏறக்குறைய ஒரு மாதம் மல்லுக்கட்டினார்கள்!

குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் 1968 ஜூலையில் ஒற்றை கிட்டாரோடு பாடிய ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ வடிவத்தையும் கேள். மூன்றாம் தொகுப்பில் இருக்கிறது. இசைத்தட்டில், விருந்தாளியாக வந்து வாசித்த எரிக் கிளாப்டனின் கிட்டார்தான் அழுகிறது. இங்கே ஹாரிசனின் குரலே அதைச் செய்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இதுதான் மேல்.

பேட்டிகள் இருக்கும்போது இந்த நாடாக்கள் எதற்கு என்றும் கேட்டிருந்தாய். இதில்தான் நான் உன்னிடமிருந்து ரொம்பவே விலகுகிறேன். பேட்டி என்பது நடந்து முடிந்ததைப் பற்றி ஒருவர் பிறகு கட்டிக்கொள்ளும் கதை. 1969 ஜனவரியில் அவர்கள் புதுப் பாட்டுகள் உருவாக்குவதை லண்டன் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக் கூடத்தில் படமெடுத்தார்கள். அங்கே நடந்ததை 1970 பேட்டியில் லெனன் கசந்து பேசினார். காலை நேரத்தில், கேமராக்களுக்கு நடுவில், வண்ண விளக்குகளின் கீழ் இசை எப்படி வரும் என்றார். அது பொய்யில்லை. ஜனவரி 10 அன்று ஹாரிசன் குழுவை விட்டே வெளியேறினார். ஆனால் அந்த மாதம் முழுக்க ஓடிய நாடாக்கள் நூற்றைம்பது மணி நேரத்துக்குமேல் இருக்கின்றன. அவற்றில் சிரிப்பும் அரட்டையும் பழைய பாட்டுகளும் நிறைய. அவற்றை வைத்துத் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021-இல் வெளியிட்ட ஆவணத் தொடரில் ஒரு காட்சி வரும். லெனன் இன்னும் வந்து சேரவில்லை. குழுவின் இன்னொரு பாடகரான பால் மெக்கார்ட்னி பேஸ் கிட்டாரை மீட்டிக்கொண்டு வார்த்தையில்லாமல் எதையோ முனகுகிறார். ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். சில நிமிடங்களில் ‘கெட் பேக்’ பாட்டு நம் கண்ணெதிரே உருவாகிவிடுகிறது. எந்தப் பேட்டி இதைக் கொடுக்கும், சொல்!

ரசிகர் மன்றத்துக்காக 1963 முதல் ஆண்டுதோறும் அனுப்பிய கிறிஸ்துமஸ் தட்டுகளும் அப்படித்தான். முதலில் நால்வரும் ஒன்றாக நின்று கேலி பேசுகிறார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் தனித்தனியே பேசி, பிறகு ஒட்டியிருக்கிறார்கள். பிரிவைப் பற்றி யாரும் வாய் திறக்காமலே அது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இருந்தாலும் ஓரிடத்தில் நீ சொல்வதே சரி. அந்த ஜனவரியில் ஹாரிசன் வெளியேறிய பிறகு லெனனும் மெக்கார்ட்னியும் படப்பிடிப்புக் கூடத்தின் உணவறையில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். அப்போது படமெடுத்த இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே ஹாக் அங்கே பூந்தொட்டிக்குள் மைக்கை ஒளித்துவைத்திருந்தார். அந்த உரையாடல் இன்று தொடரில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தனியாக ஏதாவது பேசவேண்டுமென்றால் பேச்சு பதிவாகிவிடாதபடி கிட்டாரைச் சத்தமாக மீட்டிக்கொண்டே பேசுவார்களாம். ஜாக்சன் குழுவினர் கணினியைக் கொண்டு கிட்டார் ஒலியை நீக்கிவிட்டு அந்தப் பேச்சை மீட்டார்கள். இதே நுட்பம்தான் 2023-இல் லெனனின் பழைய கேசட்டிலிருந்து குரலைப் பிரித்து ‘நவ் அண்ட் தென்’ பாட்டைத் தந்தது. அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் மறைக்க நினைத்த பேச்சைத் திறந்து பார்ப்பது வேறு. பாட்டுக்காக ஓடிய நாடா கேட்பவனுக்கும் கொஞ்சம் சொந்தம். நண்பர்கள் இருவர் சாப்பாட்டு மேசையில் பேசியது யாருக்கும் சொந்தமில்லை. உணவறைக் காட்சியை இரண்டாம் முறை நான் பார்க்கவில்லை.

புல்லாங்குழல் பித்தனான உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘தி இன்னர் லைட்’ பாட்டின் வாத்திய இசையை ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாயில் நம் கலைஞர்களை வைத்துப் பதிந்தார். குழல் ஹரிபிரசாத் சௌரசியா! லண்டனுக்குத் திரும்பிய பிறகுதான் குரலைச் சேர்த்தார். குரலில்லாத பதிவு 2018-இல் வெளியாகியிருக்கிறது. கண்ணுக்கு வேலை வைக்காத காரியம், இப்போதே கேட்கலாம்.

பொங்கல் கழிந்ததும் திருச்சிக்கு வருகிறேன். மீனாட்சியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் மகளின் வரன் விஷயம் எந்த மட்டில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்