தேவை மெட்ரோ அல்ல, நேர் வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைக்கு வடக்கே சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் வரை மெட்ரோ வேண்டும் என்று மனு எழுதுவோர், சென்ட்ரலில் இறங்கி மாறாமல் தாம்பரம் போகலாம் என்று நம்புகிறார்கள். நடக்காது. புறநகர்ப் பாதையின் அகலம் 1676 மி.மீ., சென்னை மெட்ரோவுக்கு 1435. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது.

ஜப்பானில் ஒசாகா நகருக்கு அடியில் ஓடும் ஜேஆர் தோசாய் தடத்தைப் பாருங்கள். 1997 மார்ச்சில் திறந்தார்கள். கியோபாஷி முதல் அமகசாக்கி வரை 12.5 கி.மீ. இரு முனையிலும் உள்ள பழைய புறநகர்ப் பாதைகளின் அதே 1067 மி.மீ. அகலம், அதே 1500 வோல்ட் நேர்மின்சாரம். அதனால் கிழக்குப் புறநகரில் கிளம்பும் வண்டி நகருக்குள் புதைந்து ஓடி, மேற்கே கோபே, தகரசூகா பக்கம் வெளியேறிவிடுகிறது. சுரங்கத்தில் தொங்கு கம்பிக்குப் பதில் விறைப்பான கடத்தி. அது வளைந்துகொடுக்காது, பான்டோகிராஃப் (வண்டிக் கூரைமேல் நின்று மின்சாரம் எடுக்கும் சட்டம்) துள்ளினால் தொடர்பு அறும். எனவே 207 ரக வண்டிகள் அங்கே கூடுதல் பான்டோகிராஃபையும் தூக்கிக்கொள்கின்றன.

நமக்குச் சுரங்கமே வேண்டாம். சூலூர்பேட்டைப் பாதையிலுள்ள கொருக்குப்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியே, தாம்பரம் பாதை தொடங்கும் கடற்கரை நிலையத்துக்கு அகலப்பாதை தரைமேலேயே இருக்கிறது. மின்சாரமும் இரு பக்கமும் 25,000 வோல்ட்தான். தோண்டினால் செலவு வேறு: அவர்களுடைய 7 பெட்டி வண்டிக்கு 140 மீட்டர் நடைமேடை போதும், நம் 12 பெட்டிக்கு 250 மீட்டராவது வேண்டும். கதவு திறந்தபடி ஓடும் வண்டியைச் சுரங்கத்தில் விடவும் முடியாது.

நேர் வண்டியில் ஒரு கெடுதல் உண்டு. ஒரு முனையின் தாமதம் மறுமுனை வரை தொற்றும். 2005 ஏப்ரல் 25 அன்று, தோசாய் தடத்துக்குள் நுழையவிருந்த வண்டி, இதாமி நிலையத்தில் நிற்குமிடம் தாண்டிப் போனதால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாத தாமதத்தில் வந்தது. 70 கி.மீ. வேக வரம்புள்ள வளைவில் 116 கி.மீ. வேகத்தில் புகுந்து, அமகசாக்கி அருகே தடம்புரண்டது. ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தார்கள். தாமதத்துக்குத் தண்டனை தரும் நிர்வாகம், இழுத்துப் பிடித்த கால அட்டவணை, அந்த வளைவில் வேகத்தைத் தானே அடக்கும் கருவி இல்லாதது என மூன்றும் சேர்ந்த விபத்து அது.

ஆகவே மனுவை மாற்றி எழுதலாம். காலை, மாலை நெரிசல் நேரத்தில் சூலூர்பேட்டையிலிருந்து கடற்கரை வழியாகத் தாம்பரத்துக்கு நேர் மின் ரயில்கள். கடற்கரையில் தாமதத்தை விழுங்கச் சில நிமிட இடைவெளி. சென்ட்ரலுக்கு முன்னுள்ள பேசின் பிரிட்ஜில் விரைவு வண்டிக்காகக் காத்துக் கிடப்பதும் இந்த வழியில் இல்லை.

– மின் ரயில் பயணிகள் சிலர், ஆரம்பாக்கம்