மட்டக்களப்புக்கு ஒரு பந்தயத் திடல் கேட்டு

கிழக்கு மாகாண விளையாட்டுத் திணைக்கள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கல்லடிப் புதுப் பாலத்தில் இரவானால் சைலன்சரைக் கழற்றிய பைக்குகள் பறக்கின்றன. பிடித்துத் தண்டம் எழுதினாலும் அடுத்த கிழமை அதே பொடியன்மார்தான். ஓட வேறு எங்கே இடம் என்று கேட்கிறார்கள். அதில் பாதியாவது நியாயம். மாவட்டத்துக்கு ஒரு பல்பயன் மோட்டார் பந்தயத் திடல் வேண்டும்.

செலவு கூட என்று உடனே கோப்பை மூடிவிடாதீர்கள். களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையில் பந்தயக் கார்கள் ஓடுவது இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில். சென்னைக்கு அருகே சோழவரத்திலும் அப்படித்தான். பழைய ஓடுபாதையில் பல்லாண்டு பந்தயம் நடத்திய பிறகே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறந்தது. முழுச் சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர், 12 வளைவுகள். இடையில் மடக்கிச் சின்னச் சுற்றாகவும் ஓடலாம். எனக்குப் பிடித்தது இந்த மடக்கல்தான். நமக்கு அந்தச் சின்னச் சுற்றே போதும்: கிழமை நாட்களில் சாரதிப் பயிற்சி, அம்புலன்ஸ் சாரதிகளுக்கு அவசர பிரேக் பழக்கம், சனி ஞாயிறு பைக் ஓட்டம். பக்கத்திலேயே மோட்டோகுரொஸுக்கு ஒரு மண் தடம்.

ஆனால் ஒரு நிபந்தனை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. வேகமாக வந்து வழுக்கும் வண்டி பெரும்பாலும் வளைவின் வெளிப்புறம்தான் போகும். அந்தப் பக்கம் ஒரு கதிரைகூடப் போடக் கூடாது. மற்ற இடங்களிலும் முதலில் மண் அணை, அதற்குப் பின்னால் வேலி, அதற்கும் தள்ளித்தான் சனம். அணைக்குக் காசில்லை என்றால் திடலே வேண்டாம், பொடியன்மார் என்னை ஏசினாலும் சரி.

இடம்? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க வீடுகள். மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும் அல்லாத மேட்டுக் கிரவல் நிலமாகப் பாருங்கள். மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மட்டும் கண் போக வேண்டாம். அங்கே மேய்ச்சல் தரைக்காகப் போராடிப் பண்ணையாளர்கள் பட்டது போதும். நில அளவையாளர்களைக் கோடையில் அனுப்பாமல், மாரி வெள்ளம் வடிந்த கையோடு தை மாசியில் அனுப்புங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அப்போது மரத்திலேயே கோடு இருக்கும்.

இப்படிக்கு,
கல்லடி வாசி ஒருவர்