வென்ற வண்டி சொல்லாதது

கோயம்புத்தூர்,
டிசம்பர் 2025.

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அம்மிச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் காலையில் கோயில்வரை நடந்து போய் வருகிறார். அங்கே குளிர் கூடிவிட்டது என்று சொன்னாய். காதை மூடிக்கொண்டு போ.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்ன ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வண்டிதான் எல்லாம், ஓட்டுகிறவர் அதன்மேல் ஏற்றி வைத்த எடை மட்டுமே என்று உன் வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்றும், உனக்கும் அது சரியாகவே படுகிறது என்றும் சொன்னாய். அப்போது நான் "அப்படி இல்லை கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஆனால் அடுத்த மாதம் நீ ஒரு பந்தயக் குழுவின் தரவுப் பிரிவில் பயிற்சிக்குச் சேரப்போகிறாய். இந்த எண்ணத்தோடு அங்கே போனால் உன் கண்ணில் படவேண்டியது படாமல் போகும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலகப் போட்டியான மோட்டோஜிபியில், 2024இல் நடந்த 20 பந்தயங்களில் 19ஐ டுகாட்டி வண்டிகளே வென்றன. ஆஸ்டின் பந்தயத்தை மட்டும் மாவெரிக் வினாலெஸ் அப்ரிலியா என்ற வேறு நிறுவனத்தின் வண்டியில் வென்றார். இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் வண்டிதான் வெல்கிறது என்று யாருக்கும் தோன்றும். 2003இல் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஆண்டில் 16 பந்தயங்கள். 15ஐ ஹோண்டா வென்றது. வாலண்டினோ ரோஸி தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் பெற்றார். அந்த ஐந்து சிலிண்டர் ஹோண்டாவில் யாரை ஏற்றி உட்கார வைத்தாலும் வெல்வார்கள் என்று நம் பட்டறைக்கு வந்த பையன்கள் பேசியதும், நான் தலையாட்டியதும் நினைவிருக்கிறது.

அந்த ஆண்டு முடிந்ததும் ரோஸி ஹோண்டாவை விட்டு யமஹாவுக்குப் போனார். 1992இல் வெய்ன் ரெய்னி வென்ற பிறகு யமஹாவுக்குப் பட்டமே கிடைக்கவில்லை. 2003 முழுவதும் அவர்கள் மேடை ஏறியதே ஒரே ஒரு முறைதான், அதுவும் மூன்றாம் இடத்திற்கு. அப்படிப்பட்ட வண்டியில் 2004 ஏப்ரல் மாதம் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரில் நடந்த முதல் பந்தயத்திலேயே, ஹோண்டாவில் வந்த மாக்ஸ் பியாஜியைக் கால் நொடிக்கும் குறைவான இடைவெளியில் பின்தள்ளி வென்றார். பந்தயம் முடிந்ததும் வண்டியை ஓடுதளத்தின் ஓரமாக நிறுத்தி, இறங்கி, அதற்கு முத்தம் கொடுத்தார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

இதைக் கேட்டதும், அப்படியானால் ஓட்டுகிறவர்தான் எல்லாம் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதே. வெல்கமுக்கு முன்பு நடந்ததில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஜனவரியில் மலேசியாவின் செபாங் ஓடுதளத்தில் யமஹா பொறியாளர்கள் வெவ்வேறு அமைப்புடைய நான்கு எஞ்சின்களை அவருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அவர் தேர்ந்தெடுத்தது, பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்டை வேறு விதமாக அமைத்த ஒன்று. வழக்கமான நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் மறுபடி கிளம்பும். வேகம் ஏற ஏற, இந்த நின்று கிளம்பும் உதறல், எரிபொருள் எரிந்து வரும் உந்துதலையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும். ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகும் கைக்கும் பின்சக்கரத்தின் பிடிமானத்துக்கும் நடுவே அது ஓர் இரைச்சல்போல வந்து நிற்கும். பிஸ்டன்கள் வந்து இணையும் கிராங்கின் ஊசிகளை 90 பாகை இடைவெளியில் வைத்தால், சில பிஸ்டன்கள் நிற்கும்போது மற்றவை முழு வேகத்தில் இருக்கும், உதறல் அடங்கும், பின்சக்கரம் எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்பது கைக்குத் தெரியும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யமஹாவின் மசாவோ ஃபுருசாவாவும் அவருடைய பொறியாளர்களும். அது தனக்கு வேண்டிய எஞ்சின் என்று கையால் உணர்ந்து சொன்னவர் ரோஸி. ஒருவருடைய கணக்கும் மற்றவருடைய கையும் சந்தித்த அந்த இடத்தில், எவ்வளவு வண்டி, எவ்வளவு ஆள் என்று உன்னால் பங்கு பிரிக்க முடியுமா?

அதே ரோஸி 2011இல் டுகாட்டிக்குப் போனார். ஹோண்டாவிலும் யமஹாவிலும் அவருடைய தலைமை மெக்கானிக்காக இருந்த ஜெரமி பர்ஜஸும் உடன் போனார். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை. மூன்று முறை மேடை ஏறியதோடு சரி. 2013இல் யமஹாவுக்குத் திரும்பி வந்து அசென் பந்தயத்தை வென்றார். டுகாட்டியில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் அவருக்குத் திறமை போய்விட்டிருந்தது என்று எப்படிச் சொல்வது?

அந்த வண்டி மோசம் என்றால், அதே டுகாட்டியில் கேஸி ஸ்டோனர் நான்கு ஆண்டுகளில் 23 பந்தயங்கள் வென்றிருக்கிறாரே என்று நீ கேட்பாய். கேட்கவேண்டிய கேள்விதான். 2007இல், 21 வயதில், அந்த வண்டியில் பத்துப் பந்தயங்களை வென்று பட்டமும் பெற்றார். அவருக்குப் பக்கத்தில் அதே வண்டியில் இருந்தவர்களைப் பார். 2007இல் லோரிஸ் காபிரோஸி ஒன்றே ஒன்று வென்றார். 2008இல் அதற்கு முன் பல பந்தயங்களை வென்றிருந்த மார்கோ மெலாண்ட்ரி வந்தார், ஆண்டு முடிவில் 17ஆம் இடம். அடுத்து வந்தவர் 2006ஆம் ஆண்டின் உலக சாம்பியன் நிக்கி ஹேடன். அவருக்கும் வெற்றி இல்லை. முன்சக்கரம் தரையை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அந்த வண்டி சொல்லவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டோனருக்கு அந்தத் தகவல் தேவைப்படவில்லை; பின்சக்கரத்தை வைத்தே வண்டியைத் திருப்பிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அவர் வென்றுகொண்டிருந்தவரை வண்டியில் குறை இருக்கிறது என்று எப்படி ஒருவர் அடித்துச் சொல்ல முடியும்? 2010 அக்டோபரில் ஃபிலிப் தீவில் அவர் டுகாட்டிக்காகக் கடைசியாக வென்றார். அடுத்த ஆண்டு ஹோண்டாவுக்குப் போய், போன வேகத்தில் அங்கேயும் பட்டம் பெற்றார். டுகாட்டிக்கு அடுத்த வெற்றி 2016 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில்தான் கிடைத்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்.

இதை நான் தூரத்திலிருந்து படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. நீ பிறப்பதற்கு முன்பு, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களுக்கு நம் பட்டறையில் வண்டி தயார் செய்துகொண்டிருந்த காலத்தில், பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களுக்கு ஓட்டினான். நான் கட்டிய யமஹா ஆர்எக்ஸ் நூறு வண்டியில் அடுத்தடுத்து இரண்டு பந்தயங்கள் வென்றான். வண்டியைப் பற்றி அவன் ஒரு குறையும் சொன்னதில்லை. நானும் எஞ்சினைத் தவிர வேறு எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் பந்தயத்தின்போது அவன் அக்காவுக்குக் கல்யாணம் வந்துவிட்டதால், வேறொரு பையனை ஏற்றினோம். வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் ஆடுகிறது என்று அவன் இரண்டு முறை வந்து சொன்னான். போன வாரம் ஜெயித்த வண்டி இது, உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். மறுநாள் பயிற்சி ஓட்டத்தில் விழுந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்டான். அன்று இரவு பின்பக்கத்தைக் கழற்றினேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து, விரலால் அசைத்தாலே அசைந்தது. ஒரே நாளில் தேய்கிற தேய்மானம் அல்ல அது. ஊருக்குத் திரும்பி வந்து முதல் பையனிடம் கேட்டபோது, "ஆமாங்ண்ணா, ஆடும். தொடையில இறுக்கிப் புடிச்சுக்குவேன். எல்லா வண்டியும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

அவன் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. விழுந்த பையனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது அவன் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை என்பதையும் மறக்கவில்லை. திறமை உள்ளவன் வண்டியின் குறையைத் தன் உடம்பால் அடைத்துவிடுகிறான். அடைப்பது அவனுக்கே தெரிவதில்லை. அதனால் அவனுடைய வெற்றி, வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

உலகத்தின் மிகப் பெரிய பட்டறைகளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 2019இல் மார்க் மார்க்கேஸ் ஹோண்டாவில் 12 பந்தயங்கள் வென்று 420 புள்ளிகள் எடுத்தார். அதே குழுவில், அதே வண்டியில், மூன்று முறை இந்தப் பிரிவின் உலக சாம்பியனாக இருந்த ஹோர்ஹே லொரென்ஸோ எடுத்தது 28 புள்ளிகள். நடுவில் முதுகெலும்பு முறிந்து அவர் சில பந்தயங்களில் ஓட்டவில்லை என்பது உண்மை; ஆனால் ஓட்டிய பந்தயங்களிலும் முதல் பத்து இடங்களுக்குள் அவர் ஒருமுறைகூட வரவில்லை. முந்தைய ஆண்டுதான் டுகாட்டியில் மூன்று பந்தயங்கள் வென்றிருந்தார். அந்த 28 என்ற எண்ணை வெளியிலிருந்து பார்த்த பலரும் லொரென்ஸோவின் வீழ்ச்சி என்று படித்தார்கள். வண்டியைப் பற்றிய எச்சரிக்கை அது என்று எனக்கு அப்போதே தோன்றியது. 2020 ஜூலையில் ஹெரெஸ் ஓடுதளத்தில் மார்க்கேஸ் விழுந்து வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த ஆண்டு ஹோண்டாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2022இல் தயாரிப்பாளர்களின் வரிசையில் கடைசி இடத்தில் நின்றார்கள்.

பிறகு நடந்தது நீயே பார்த்தது. 2024இல் ஓராண்டு பழைய டுகாட்டியில் ஏறிய மார்க்கேஸ், அரகோனில் 1,043 நாட்களுக்குப் பிறகு ஒரு பந்தயத்தை வென்றார். இந்த ஆண்டு டுகாட்டியின் சொந்தக் குழுவில் 11 பந்தயங்கள் வென்று மொடேகியில் பட்டத்தையும் உறுதி செய்தார். அவருக்குப் பக்கத்தில், 2022லும் 2023லும் பட்டம் வென்ற பிரான்செஸ்கோ பன்யாயா இரண்டே பந்தயங்கள்தான் வென்றார். சென்ற ஆண்டு 11 வென்றவர் அவர். ஒரே ஆண்டில் அவர் ஓட்டத் தெரியாதவராக ஆகிவிடவில்லை. முன்சக்கரத்தின்மேல் நம்பிக்கை வரவில்லை என்று அவர் ஆண்டு முழுவதும் சொன்னதை நான் மிகவும் கவனித்துக் கேட்டேன், ஏனென்றால் இருங்காட்டுக்கோட்டையில் அதே போன்ற ஒரு சொல்லை நான் கேட்க மறுத்திருக்கிறேன்.

ஆகவே நீ அங்கே சேர்ந்த பிறகு, பயிற்சி ஓட்டம் முடிந்து தரவுகள் உன் திரைக்கு வரும்போது, எல்லாரும் முதலில் வந்தவரின் வரைபடக் கோடுகளைத்தான் திறப்பார்கள். பிரேக்கை எங்கே பிடித்தார், ஆக்ஸிலரேட்டரை எப்போது திறந்தார் என்று பார்த்து, மற்றவர்களும் அப்படியே செய்யவேண்டும் என்பார்கள். நீ அதே வண்டியில் கடைசியாக வந்தவரின் கோடுகளை முதலில் திற. அவர் எந்த வளைவில் தயங்கினார் என்று குறித்துக்கொள். பிறகு அதே வளைவில் முதலில் வந்தவர் என்ன செய்தார் என்று பார்; ஆக்ஸிலரேட்டரில் ஒரு சிறு திருத்தம், பிரேக்கை விடுவதில் ஒரு சின்னத் தாமதம் ஏதாவது அங்கே இருந்தால், அவரிடம் நேரில் போய்க் கேள். கணினி சொல்லாததை அவர் தொடை சொல்லக்கூடும். பழக்கம் இல்லாத பெண் வந்து கேட்கிறாளே என்று அவர் முதலில் சுருக்கமாகத்தான் பதில் சொல்வார். பொறுமையாக மறுபடி கேள்.

இன்னொன்று. பின்பட்டறையில் சாக்குப் போட்டு மூடியிருந்த அந்தப் பழைய ஆர்எக்ஸை மறுபடி ஓடும்படி செய்துவிட்டேன். புஷ், பேரிங் எல்லாம் புதியவை. நான் ஓட்டினால் நேராகப் போகிறது. உன் அம்மா பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு, இடப்பக்கம் லேசாக இழுக்கிறது என்கிறாள். முப்பது வருடங்களாக இந்த வண்டியோடு பழகியவன் என்பதால் என் கையை நான் நம்பவில்லை. சித்திரையில் நீ வரும்போது அவிநாசி சாலைவரை ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல். அதுவரை முன் ஃபோர்க்கை நான் கழற்றப் போவதில்லை.

அன்புடன்,
அப்பா