சனிக்கிழமை ராக்கெட் பட்டறை: பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். நம் இளையர் மன்றம் வரும் சனிக்கிழமை நடத்தும் ராக்கெட் பட்டறைக்குப் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்ததற்கு நன்றி. ராக்கெட் என்றால் ஆபத்தில்லையா என்று உங்களில் பலர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெடிமருந்து கிடையாது, நெருப்பும் கிடையாது. பிள்ளைகள் செய்யப்போவது தண்ணீர் ராக்கெட்: பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காற்றை அழுத்தி ஏற்றிப் பறக்கவிடுவது.

1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன சமயத்தில், அமெரிக்கப் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே வெடிமருந்து கலந்து ராக்கெட் விட்டுப் பார்த்தார்கள். கையையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே மருந்து அடைத்துச் செய்த சிறு ராக்கெட் மோட்டாரும், தூரத்தில் நின்று மின்சாரத்தால் பற்றவைக்கும் முறையும் பரவின. சிங்கப்பூரில் நிலைமையே வேறு. 1972இலிருந்து பட்டாசுக்கே தடை. வெடிமருந்து எதற்கும் உரிமம் வேண்டும். இணையத்தில் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை சமையலறையில் எதையாவது கலக்க ஆசைப்பட்டால், தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். ராக்கெட்டைப் பற்றித் தொடக்கத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் ஒரு போத்தல் தண்ணீரே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஆனால் அது சரியான போத்தலாக இருக்க வேண்டும். கோக், ஸ்ப்ரைட் போன்ற கேஸ் பானம் வரும் 1.5 லிட்டர் போத்தல் இரண்டு கொடுத்தனுப்புங்கள். குடிதண்ணீர் போத்தல் மெல்லியது, அழுத்தம் தாங்காது. கீறலோ நசுங்கலோ இருந்தால் வேண்டாம். வெந்நீரில் கழுவாதீர்கள், பிளாஸ்டிக் சுருங்கிவிடும். வீட்டிலேயே எதையும் ஒட்டி அனுப்பவும் வேண்டாம். சூப்பர் குளூவும் சூடான பசையும் போத்தலின் சுவரைப் பலவீனமாக்கும். நாங்கள் டேப் மட்டும்தான் பயன்படுத்துவோம்.

பட்டறையில் பாதி நேரம் பறக்கவிடுவதற்கு முந்திய ஒரு சோதனைக்கே போகும். வால் பக்கம் ஒட்டும் துடுப்புகளையும் மூக்குக் கூம்பையும் பொருத்திய பிறகு, காலி ராக்கெட்டை விரல்மேல் வைத்து அது சாயாமல் நிற்கும் இடத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் நூலைக் கட்டி, தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னே போனால் சரி. வால் முன்னே வந்தாலோ ராக்கெட் கண்டபடி உருண்டாலோ, அது வானத்திலும் அப்படித்தான் உருளும். மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்துப் பாரமாக்கலாம், அல்லது துடுப்பைப் பெரிதாக்கலாம். அப்புறம் மறுபடியும் சுழற்றிப் பார்க்கலாம். காலியாகவே ஏன் சோதிக்கிறோம் என்றால், கிளம்பி ஒரு நொடிக்குள் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிடும். மிச்சப் பயணமெல்லாம் காலிப் போத்தலாகத்தான்.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது இந்த இடத்தில்தான். கூட இருந்து பார்க்க விரும்பும் பெற்றோர் தாராளமாக வரலாம். ஆனால் பிள்ளை ஒட்டிய துடுப்பு கோணலாக இருந்தால், அதைப் பிரித்து நீங்கள் நேராக்கிவிடாதீர்கள். கோணல் துடுப்புள்ள ராக்கெட் மேலே போகும்போது பம்பரம்போல் சுற்றும், அல்லது ஒரு பக்கமாக ஒதுங்கும். தன் கை செய்த வேலை வானத்தில் என்ன செய்கிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்கட்டும். அதற்காகவே ஆளுக்கு இரண்டு முறை பறக்கவிட நேரம் ஒதுக்கியிருக்கிறோம். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை யோசிக்கிறதே, அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இந்தப் பட்டறையை நடத்துகிறேன்.

போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுவோம். அதிகம் ஊற்றினால் தள்ளுவதற்குக் காற்று போதாது. தண்ணீரே இல்லாவிட்டால் பின்னோக்கிப் பாய்ந்து உந்தப் பாரமான பொருள் இல்லை. சைக்கிள் பம்பால் 4 பார் அழுத்தம் வரை காற்று ஏற்றுவோம். அது கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம், எனவே விளையாட்டாக நினைக்கக் கூடாது. எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஏவுதளத்தின் அருகே ஆசிரியர் மட்டுமே போவார். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று ராக்கெட்டை விடுவிக்கும் கயிற்றை இழுப்பார்கள். இதை வீட்டில், புளோக்கின் கீழே செய்துபார்க்க வேண்டாம். அங்கே மேலிருந்து விழும் எதுவும் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

இடைவேளையில் தமிழாசிரியர் எக்ஸ்-சாட்டின் கதையைச் சொல்வார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2011 ஏப்ரல் 20ஆம் தேதி சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் கிளம்பிய செயற்கைக்கோள் அது. சிங்கப்பூரிலேயே உருவான முதல் செயற்கைக்கோளும் அதுதான். விடுமுறைக்குச் சென்னை போய்வரும் பிள்ளைகளுக்கு அந்த ஊர் எவ்வளவு பக்கம் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

காலை 8.45க்குள் பள்ளி மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். பிற்பகல் இடிமழைக்கு முன் முடித்துவிட நினைக்கிறோம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலைவிட்டு உடனே உள்ளே வந்து, உறிஞ்சுகுழலில் ஊதிப் பறக்கவிடும் காகித ராக்கெட் செய்வோம். தண்ணீர் ராக்கெட்டை வேறொரு நாள் விடலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இன்ஹேலர் கொண்டுவர வேண்டும். மூடிய காலணியும், மாற்றிக்கொள்ள ஒரு டீ-சட்டையும் அவசியம். சம்மதப் படிவத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்