நடை மட்டும் போதாது: பூங்காவில் மூத்த ஆண்களுக்கான பயிற்சித் திடலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் நகர்ப் பூங்காவில் பழைய ஊஞ்சல் இருந்த கிழக்கு மூலை இப்போது சும்மா கிடக்கிறது. அறுபதைத் தாண்டிய ஆண்கள் கால் வலுவுக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்யும் திடலாக அதை மாற்றப் போகிறோம். மாநகராட்சி அனுமதி எழுத்தில் கிடைத்துவிட்டது. பணம்தான் குறைகிறது.

"தினமும் வாக்கிங் போகிறோமே, அது போதாதா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நடை நல்லது, அதை விடவே கூடாது. ஆனால் விழாமல் இருப்பதற்கு நடை மட்டும் கைகொடுப்பதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, சமநிலைப் பயிற்சிகள் முதியவர்கள் விழுவதைக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைப்பதாகச் சொல்கிறது. வெறும் நடைக்கு அப்படி உறுதியான பலன் எதுவும் அதில் தெரியவில்லை.

போன மாதம் பூங்காவில் ஒரு சின்னச் சோதனை வைத்தோம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 74 வயது வரையிலான ஆண்கள் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் அதிகம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. தினமும் நான்கைந்து சுற்று தவறாமல் நடப்பவர்களிலேயே சிலர், ஏழெட்டு முறை எழுந்ததும் கட்டிய கையைப் பிரித்துத் தொடையில் ஊன்றிக்கொண்டார்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்த காலத்தில் தொடைக்கு வேலை இருந்தது. இப்போது சோபா, டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட். முழங்கால் வலிக்காரர்களுக்கு இவையெல்லாம் தேவைதான். அப்படியானால் தொடைக்கு அந்த வேலையை வேறு எங்காவது கொடுத்தாக வேண்டும்.

ஏன் குறிப்பாக ஆண்கள்? எலும்பு மெலிவது பெண்களுக்கு வரும் பிரச்சினை என்று நம் வீட்டு ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் உலக அளவில், 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு எலும்பு பலவீனத்தால் முறிவு வருகிறது. இடுப்பெலும்பு உடைந்தபின் ஓராண்டுக்குள் இறந்துபோவது பெண்களைவிட ஆண்களிடம்தான் அதிகம். புரோஸ்டேட் தொந்தரவால் நடுராத்திரியில் எழ வேண்டியிருக்கிறது. பிபி மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. போய் நிற்கும் இடமோ ஈர பாத்ரூம். அப்புறம், எழுபது வயதிலும் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் துடைக்கும் பழக்கம் வேறு! காலை யோகா வகுப்புக்குப் பெண்கள் வந்துவிடுகிறார்கள்; ஆண்கள் பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். திடல் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் அந்தப் பெஞ்சில் இருப்பவர்களை எழுப்புவதுதான் எங்கள் முதல் நோக்கம்.

ஸ்வீடனில் உப்சாலா நகரில் 1970களின் தொடக்கத்தில், ஐம்பது வயதை ஒட்டிய 2,205 ஆண்களைத் தேர்ந்தெடுத்து 35 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைக்காதவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விளையாட்டு, கடும் பயிற்சி என்று இருந்தவர்களில் அது 8.4 சதவீதம்தான். பயிற்சி ஒன்றே காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் வித்தியாசம் கண்ணில் படாமல் போகிற அளவு சின்னதல்ல.

சரி, செலவுக்கு வருவோம். பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கவும் பக்கவாட்டில் நடக்கவும் இடுப்பு உயரத்தில் இரண்டு வரிசை ஸ்டீல் கைப்பிடி: ரூ. 70,000. மழை பெய்தால் வழுக்கும் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு சொரசொரப்பான பேவர் பிளாக் போட: ரூ. 45,000. வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு ஓராண்டுக்கு: ரூ. 1,04,000. கைப்பிடியை மட்டும் நட்டுவிட்டுப் பயிற்சியாளரை விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நாங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. யாருக்கு எந்தப் பயிற்சி, எப்போது கடினமாக்குவது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் கைப்பிடி துணி காயப்போடத்தான் உதவும்.

மொத்தம் ரூ. 2,19,000. குழு உறுப்பினர்கள் ரூ. 59,000 போட்டிருக்கிறோம். மீதி ரூ. 1,60,000 உங்களிடம் கேட்கிறோம். தனியார் மருத்துவமனையில் ஒரே ஒருவருக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை செய்தால்கூட ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள்.

ஐம்பது ரூபாயானாலும் ரசீது உண்டு. வங்கிக் கணக்கு விவரம் பூங்கா வாசல் பலகையில் இருக்கிறது. ஞாயிறு காலை 6 முதல் 8 மணி வரை நேரிலும் கொடுக்கலாம். எங்கள் குழுவுக்கு 80ஜி வரிச்சலுகை இல்லை, அதை முன்பே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு மாதாமாதம் அதே பலகையில் ஒட்டப்படும். பணம் தர முடியாதவர்கள் வீட்டிலுள்ள அப்பாவையோ தாத்தாவையோ சோதனைக்கு அழைத்து வாருங்கள். அண்மையில் விழுந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவும்.

இப்படிக்கு,
பூங்கா பராமரிப்புக் குழுவினர்