கரையைக் காத்த கீதாரி ஐயாவுக்கு

பெருமழையில் எங்கள் குளத்துக் கரை உடையப் பார்த்த அன்று ராத்திரி நடந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லவில்லை. கரை நிற்கிறது. குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகால் அடங்கிவிட்டது. மண் மூட்டை தூக்கிய தோள்வலி இன்னும் போகவில்லை, அது போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சாக்கு தைத்துத் தந்த அக்காமார், கேட்காமலே டிராக்டரோடு வந்தவர்கள், ஜேசிபி ஓட்டிய தம்பி, மிதந்து வந்து மறுகாலை அடைத்த அமலைச் செடியைக் கழுத்தளவு தண்ணீரில் நின்று இழுத்துப் போட்ட பையன்கள், விடிய விடிய கருப்பட்டிக் காப்பி போட்டவர்கள், எல்லோருக்கும் என் கும்பிடு.

ஆனால் நான் அதிகம் சொல்ல வேண்டியது ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடு மேய்த்து வந்த கூட்டத்தின் தலைவர், அந்தக் கீதாரி ஐயாவைப் பற்றித்தான். மேடு தேடி அவர் கரையோரம் ஆட்டுக் கிடையைச் சேர்த்திருந்தார். ஆட்டுக் குளம்பு கரையை இளக்கிவிடும் என்று அன்று காலையில்தான் நாங்கள் அவரைக் கீழே இறங்கச் சொன்னோம். நல்லவிதமாகவும் சொல்லவில்லை.

அவரேதான் ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினார். "அண்ணாச்சி, கரைக்கு வெளியே தண்ணி கசியுது. தெளிஞ்சு வந்தா பயமில்ல, கலங்கி வருது. கரை மண்ணு உள்ளுக்குள்ள போயிக்கிட்டு இருக்கு."

நாங்கள் மூட்டைகளை வெளிப்பக்கம், தண்ணீர் வந்த வாயிலேயே அடுக்கப் போனோம். அவர் தடுத்தார். அங்கே அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும், நுழைகிற இடத்தைப் பிடிக்க வேண்டும் என்றார். கைநிறைய வைக்கோலைக் குளத்துப் பக்கம் தூவி, டார்ச் அடிக்கச் சொன்னார். ஓரிடத்தில் வைக்கோல் சுழன்று உள்ளே போனது. சரசரவென்று இறங்கிக் காலால் துழாவி, "இங்கதான்" என்றார். அப்புறம் மேலே ஏறிப் போய்ப் பெரிய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பொந்தின்மேல் விரித்ததும் தண்ணீரே இழுத்து அமுக்கிக்கொண்டது. அதன்மேல் களிமண் மூட்டைகளை இறக்கினோம். விடியும்போது வெளியே வந்த தண்ணீர் தெளிந்திருந்தது.

குட்டிகளின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் அது. மூன்று குட்டிகள் அன்று மழையில் விறைத்துச் செத்துப்போயின. அவர் அதைச் சொல்லவேயில்லை. காலையில் நாங்களாகப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது நம் மாவட்டத்தில் எத்தனை குளங்கள் உடைந்தன என்று பார்த்தோம். மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் கீழ்குளத்துக்குத்தான் வரும். எங்களுக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. அவர் அடைத்தது எங்கள் கரையை மட்டுமல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பொந்து வந்தது எங்களால்தான். கரையிலிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி விறகாக்கிக்கொண்டு வேரை அப்படியே விட்டோம். வேர் மக்கி, மண்ணுக்குள் குழாய் போல வழி விட்டிருக்கிறது. போதாததற்குக் குளத்து வண்டலான கரம்பை எடுக்கிறோம் என்று, குளத்தின் நடுவே தோண்டாமல், வண்டி இறங்கச் சுளுவாக இருக்கிறதே என்று கரையின் காலடியிலேயே வெட்டினோம். நானும் இரண்டு லோடு எடுத்தேன். ஆட்டுக் குளம்பைக் குறை சொன்ன வாய் இது.

இனிமேல் கரையடியில் என் மண்வெட்டி படாது. தண்ணீர் வற்றியதும் மக்கிய வேர்களைத் தோண்டி எடுத்து, களிமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தப் போகிறோம். கரைச்சரிவில் ஆவணியில் பனங்கொட்டை ஊன்றுவதற்கு இப்போதே ஆள் சேர்ந்திருக்கிறது.

ஐயா, தார்ப்பாய் புதிதாக வாங்கிவிட்டோம், மூன்று குட்டிகளும் பார்த்து வைத்திருக்கிறோம். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் உங்கள் கிடை முதலில் எங்கள் வயலில்தான். அதுவரை கரை மேட்டிலேயே இருங்கள். யாரும் இறங்கச் சொல்ல மாட்டோம்.